விளையாடாத மாணவர்களுக்காக ஒரு விளையாட்டரங்கம்: பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நம் வளாகத்தில் விளையாட்டுக்கும் நலவாழ்வுக்குமாக ஒரு புதிய கட்டடம் வேண்டும் என்ற கோரிக்கை உங்கள் முன் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச உட்காரும்போது, நம் அணிகள் எத்தனை கோப்பை வென்றிருக்கின்றன, கட்டடம் வந்தால் இன்னும் எத்தனை வெல்லும் என்ற கேள்வி கண்டிப்பாக எழும். உடற்கல்வித் துறையில் இருக்கும் நான் அதற்கு உற்சாகமாகப் பதில் சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். கோப்பைகள் வந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கட்டடத்தை நான் கேட்பது முதலில் எந்த அணியிலும் இல்லாத மாணவர்களுக்காக. பள்ளி முடிந்ததோடு ஓட்டத்தையும் ஆட்டத்தையும் விட்டுவிட்டவர்கள், பள்ளியிலும் ஆடாமலே வந்தவர்கள். வளாகத்தில் பெரும்பான்மை அவர்கள்தான்.

அணியில் இருப்பவர்கள் எப்படியாவது ஆடிவிடுவார்கள். அவர்களுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், மைதானத்தில் நேரம் ஒதுக்கியிருக்கிறது, கூட ஆட ஆள் இருக்கிறது. வசதி குறைந்தால் சிரமப்படுவார்கள், ஆனால் விட்டுவிட மாட்டார்கள். மற்றவர்கள் சேர்ந்த புதிதில் ஏதாவது ஒரு மாலை மைதானத்துப் பக்கம் வருவார்கள். ஒரு பக்கம் கால்பந்து அணி, இன்னொரு பக்கம் ஓட்டப் பயிற்சி, கோர்ட்டில் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள். ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அப்புறம் வர மாட்டார்கள். அவர்களை யாரும் விரட்டுவதில்லை. தங்களுக்கென்று அங்கே இடம் எதுவும் இல்லை என்பது பார்த்தாலே புரிந்துவிடுகிறது. ஜிம்மிலும் இதே நிலைதான். வகுப்பறையாக இருந்த ஓர் அறையில் சில கருவிகளைப் போட்டு ஜிம் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். பழகியவர்களே முறை வருவதற்காகக் காத்து நிற்கும் இடத்தில், டம்பெல்லை எப்படிப் பிடிப்பது என்று தெரியாத ஒருவர் எப்படி உள்ளே வருவார்?

இவர்கள் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவேடுகளே சான்று. ரால்ஃப் பாஃபென்பார்கர் என்ற மருத்துவ ஆய்வாளர், ஹார்வர்டில் 1916-க்கும் 1950-க்கும் இடையில் சேர்ந்த ஏறக்குறைய 17,000 பழைய மாணவர்களை எடுத்துக்கொண்டார். கல்லூரிக் காலத்தில் யார் அணியில் ஆடினார்கள், யார் ஆடவில்லை என்பது பதிவேட்டில் இருந்தது. நடுத்தர வயதில் அவர்கள் எவ்வளவு நடக்கிறார்கள், எத்தனை படி ஏறுகிறார்கள், என்ன விளையாடுகிறார்கள் என்பதைக் கேள்வித்தாள் அனுப்பித் தெரிந்துகொண்டார். 1978-ல் முடிவுகள் வெளிவந்தன. உடலியக்கத்தில் வாரத்துக்கு 2,000 கிலோ கலோரிக்கும் குறைவாகச் செலவிட்டவர்களுக்கு, அதற்கு மேல் செலவிட்டவர்களைவிட மாரடைப்பு ஆபத்து 64 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. கல்லூரியில் அணி வீரராக இருந்தது மட்டும் பின்னாளில் யாரையும் காப்பாற்றவில்லை. தொடர்ந்து உடலை இயக்கிய முன்னாள் வீரர்களுக்கே அந்தப் பாதுகாப்பு நிலைத்தது. கல்லூரியில் எந்த அணியிலும் ஆடாமல், பிற்பாடு சுறுசுறுப்பாக வாழ்ந்தவர்களுக்கும் ஆபத்து குறைந்தே இருந்தது.

அப்படியென்றால், ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவருக்கு உடல் சார்ந்து தரக்கூடிய மிகப் பெரிய சொத்து, பட்டம் வாங்கிப் போன பிறகும் விட்டுப்போகாத ஒரு பழக்கம். பழக்கம் உருவாக இடம் வேண்டும். கூப்பிடு தூரத்தில், எந்த நேரமும் திறந்திருக்கும், தெரியாதவரும் தயங்காமல் நுழையக்கூடிய இடம். அந்த இடத்தைத்தான் கேட்கிறோம்.

இது புதுமையான எண்ணமும் இல்லை. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி, மாணவர்கள் படிப்பின் சுமையில் நலம் கெடுவதைக் கண்டு கவலைப்பட்டு 1860-ல் ஓர் உடற்பயிற்சிக்கூடம் கட்டியது. அடுத்த ஆண்டே எட்வர்டு ஹிட்ச்காக் என்ற மருத்துவரைப் பேராசிரியராக அமர்த்தி, எல்லா மாணவர்களுக்கும் உடற்பயிற்சி வகுப்பைக் கட்டாயமாக்கியது. அவர் 1911-ல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வெளியே ஆட முடியாத குளிர்காலத்தில் மாணவர்களைச் சும்மா உட்கார விடக்கூடாது என்பதற்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் ஓர் உள்ளரங்கில் உருவாக்கியதுதான் கூடைப்பந்து. அப்போது அவர் கையில் இருந்தது சுமாரான ஒரு கூடமும், வேறு எதிலும் ஆர்வம் காட்டாத ஒரு வகுப்பும்தான்.

சரி, எவ்வளவு இடம் தேவைப்படும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது வந்த ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் செய்ய வேண்டும். தீவிரமானது என்றால் 75 முதல் 150 நிமிடம். தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் 2 நாளாவது வேண்டும். உலகில் வயது வந்தோரில் 31 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், இந்தக் குறைந்தபட்ச அளவைக்கூட 2022-ல் எட்டவில்லை என்று அதே நிறுவனம் சொல்கிறது. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 10,000 மாணவர்கள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒவ்வொருவரும் வாரத்துக்கு 3 மணி நேரம் வந்தால், மொத்தம் 30,000 மணி நேரம். காலை 6 முதல் இரவு 10 வரை வாரம் முழுக்கத் திறந்து வைத்தால் 112 மணி நேரம் கிடைக்கும். வகுத்துப் பார்த்தால், எந்த நேரமும் உள்ளே ஏறக்குறைய 270 பேர் இருப்பார்கள். பாதிப் பேர் வேறு இடங்களில் பார்த்துக்கொண்டாலும் 135 பேர். எல்லோரும் வகுப்பு இல்லாத காலையிலும் மாலையிலும்தான் வருவார்கள் என்பதால் உண்மையான நெரிசல் இதைவிட அதிகமாகத்தான் இருக்கும். இதோடு ஒப்பிட்டால் வகுப்பறை ஜிம் எந்த மூலைக்கு என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

மனநலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாழ்நாளில் வரும் மனநலப் பாதிப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று 2005-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் மாணவர்கள் அந்த வயதில்தான் நம்மிடம் இருக்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் 1999-ல் வெளியான ஆய்வொன்றில், மனச்சோர்வால் அவதிப்பட்ட 50 வயதைத் தாண்டிய 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு மருந்து, ஒரு குழுவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. அவர்கள் நம் மாணவர்களைவிட வயதில் மிக மூத்தவர்கள் என்பது உண்மைதான். பிறகு இளையோரையும் சேர்த்து நடந்த ஆய்வுகளும் உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைப்பதில் உதவுகிறது என்ற திசையிலேயே போகின்றன. அதனால் மருத்துவரும் மருந்தும் தேவையில்லை என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். தேவைப்படுகிறவர்களுக்கு அவை கிடைத்தே ஆக வேண்டும்.

இங்கேதான் 'நலவாழ்வு' என்ற பாதி வருகிறது. கவுன்சலிங் அறை இப்போது பெரும்பாலும் நிர்வாகக் கட்டடத்திலோ மருத்துவ அறையை ஒட்டியோ இருக்கிறது. கதவில் பலகை தொங்குகிறது. அந்தக் கதவைத் திறப்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது எதிரே வருகிற எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ பேர் அந்த வாசல் வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். தோளில் ஒரு விளையாட்டுப் பையோடு நுழைகிற கட்டடத்தில், ஜிம்மையும் பிசியோதெரபியையும் யோகா அறையையும் தாண்டி அதே தளத்தில் ஆலோசகரின் அறையும் இருந்தால், யார் எந்த அறைக்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆலோசகர் ஒரு மாணவரிடம் தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னால், அந்த மாணவர் அப்படியே பக்கத்து ஓட்டப் பாதைக்குப் போய்விடலாம். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பணம் குறைந்தால் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் தயவுசெய்து இதை வெட்டாதீர்கள்.

மைதானம் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். மைதானம் கண்டிப்பாக வேண்டும், அதை எடுத்து அதில் கட்டடம் கட்டுவதை நானே எதிர்ப்பேன். ஆனால் மழையில் மைதானம் இல்லை, கடும் வெயிலில் இல்லை, இருட்டிய பிறகும் இல்லை. காற்றில் ஈரம் அதிகமாகும்போது வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே தங்கி, உடல் சூடு இறங்காமல் போகும். அப்போது வெளியே கடும் பயிற்சி செய்வது ஆபத்து. ஆய்வகத்தில் மாலை வரை வேலை செய்யும் ஒரு மாணவிக்கு விளையாட நேரம் கிடைப்பதே இருட்டிய பிறகுதான். வெளிச்சம் உள்ள பாதை, காவலர் இருக்கும் வாசல், பூட்டக்கூடிய உடைமாற்றும் அறை, சொல்லித்தரப் பெண் பயிற்சியாளர், இவை இருந்தால் அவர் வருவார். இவை இல்லாத இடத்தில், பெண்கள் யாரும் ஆர்வம் காட்டுவதில்லை என்று கோப்பில் எழுதுவது நியாயமில்லை.

கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஒருமுறை கட்டிவிட்டால் திருத்த முடியாதவற்றில் மட்டும்தான் அந்தப் பிடிவாதம். முதலாவது உயரம். வாலிபால் விதிகள் ஆடுகளத்துக்கு மேலே எந்தத் தடையும் இல்லாமல் 7 மீட்டராவது கேட்கின்றன; பேட்மின்டனுக்கு அதைவிடவும் கூடுதல் உயரம் இருந்தால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும். செலவை மிச்சம் பிடிக்கக் கூரையை ஒரு மீட்டர் இறக்கினால், கட்டடம் நிற்கும் காலம் முழுக்க அது விளையாட்டரங்கமாக இருக்காது, பெரிய கூடமாக மட்டும் இருக்கும். நீள அகலத்தைப் பொறுத்தவரை, 40-க்கு 20 மீட்டர் கொண்ட ஒரு ஹேண்ட்பால் களமும் சுற்றிலும் சற்று இடமும் கிடைத்தால் போதும். அதே தரையில் வெவ்வேறு நிறக் கோடுகளைப் போட்டு, 28-க்கு 15 மீட்டர் கூடைப்பந்துக் களத்தையும் வாலிபால், பேட்மின்டன் கோர்ட்டுகளையும் அடக்கிவிடலாம். தரை கான்கிரீட்டின் மேல் ஓடு பதித்ததாக இருக்கவே கூடாது. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும்தான் போகும். அடியில் அதிர்வைத் தாங்கும் அடுக்கு வைத்த மரத்தரை வேண்டும்.

காற்றோட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். கடும் பயிற்சியில் அது 100 லிட்டரையும் தாண்டலாம். வகுப்பறைக்குப் போடும் அதே கணக்கில் ஜிம்முக்கு ஜன்னல் வைத்தால் அரை மணி நேரத்தில் உள்ளே மூச்சுமுட்டும். அப்புறம், எல்லா வாசலிலும் சக்கர நாற்காலி நுழைய வேண்டும். பின்வாசலில் தனியாக ஒரு சாய்தளம் போட்டால் போதாது. மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சமமாகப் பங்கேற்கும் உரிமை உண்டு என்பதை ஐ.நா.வின் 2006 உடன்படிக்கை தன் 30-ஆவது பிரிவில் சொல்கிறது. கருவிகளை வாங்கும்போதே அவர்களுக்கும் ஏற்றவற்றை வாங்க வேண்டும். இதயத்துடிப்பு திடீரென நின்றால் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் எல்லா நேரமும் உள்ளே இருக்க வேண்டும். இதயம் நின்ற பிறகு எந்த உதவியும் கிடைக்காமல் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒரு சிறிய அறையையும் கேட்கிறேன். கண்ணாடிச் சுவர் இல்லாமல், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி இருக்கட்டும். பயிற்சியாளர் ஒருவரோடு நாலைந்து பேர் முதல் சில வாரம் அங்கே கற்றுக்கொண்டு, தைரியம் வந்த பிறகு பெரிய கூடத்துக்கு வரட்டும். எலும்பின் அடர்த்தி இருபதுகளில்தான் உச்சத்தைத் தொடுகிறது. அந்த வயதில் எடைப் பயிற்சியை முறையாகக் கற்றவருக்கு அது பிற்காலத்துக்கான சேமிப்பு.

நீச்சல் குளத்தைப் பற்றி என் நிலைப்பாடு பலருக்குப் பிடிக்காது. பணம் அளவாக இருந்தால் குளத்தை விட்டுவிடலாம். வடிகட்டி, குளோரின், உயிர்காப்பாளர், ஓயாமல் ஓடும் பம்பு என்று அது ஆண்டு முழுக்கக் கேட்கும் செலவு, மற்ற அறைகளின் நேரத்தையும் ஆட்களையும் சாப்பிட்டுவிடும். பூட்டிக் கிடக்கும் குளத்தைவிட இரவு 10 மணி வரை திறந்திருக்கும் ஜிம் எத்தனையோ மேல். பின்னால் கட்ட இடம் விட்டு வைத்தால் போதும்.

பணம்தான் கடைசித் தடை என்பது எனக்குத் தெரியும். ஆய்வகக் கருவிகள் பழசாகின்றன, நூலகத்துக்கு நிதி போதவில்லை, ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருக்கின்றன. அவற்றோடு போட்டி போட்டு எதையும் பிடுங்கிக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. கட்டங்களாகப் பிரித்துக் கட்டுங்கள். முதலில் அரங்கம், ஜிம், ஆலோசனை அறைகள், மற்றவை பிறகு. நன்கொடையாளர் முன்வந்தால் பெயர் வைப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கட்டுமானச் செலவை ஒப்புக்கொள்ளும் அதே தீர்மானத்தில் ஆண்டுதோறும் ஆகும் செலவையும் எழுதி வையுங்கள். பயிற்சியாளர், துப்புரவுப் பணியாளர், மின்சாரம், கருவிப் பழுது எல்லாமும் அதில் வர வேண்டும். திறப்பு விழா நடந்து, கல்வெட்டு வைத்து, ஆள் இல்லாமல் பூட்டப்பட்ட அரங்கங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நுழைவதற்குத் தனிக் கட்டணமும் வேண்டாம். தயங்கித் தயங்கி வரும் மாணவரைத் திருப்பி அனுப்பச் சிறு தொகையே போதும்.

ஜிம்முக்குப் போகும் மாணவர்கள் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று சில பல்கலைக்கழகங்கள் கணக்குக் காட்டுகின்றன. அதை நான் இங்கே வாதமாக வைக்கவில்லை. ஏற்கெனவே ஒழுங்காக நேரத்தைப் பிரித்துக்கொள்கிறவர்கள்தான் ஜிம்முக்கும் போகிறார்களோ என்னவோ. மதிப்பெண் ஏறாவிட்டாலும் இந்தக் கட்டடம் தேவைதான். உடற்கல்வியும் விளையாட்டும் எல்லோருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ தன் 1978 சாசனத்தில் எழுதியது. வளாகத்தில் வேலை செய்கிற எழுத்தரும், காவலரும், விடுதிச் சமையலரும் அந்த 'எல்லோரில்' அடக்கம். காலையில் ஒரு மணி நேரமாவது அவர்களுக்கும் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே எழுத்தில் கேட்டுக்கொள்கிறேன். பெரிய கூடம் கிடைத்தவுடன் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் அதைத் தேர்வு மண்டபமாகக் கேட்கும், பட்டமளிப்பு விழாவுக்கும் கேட்பார்கள். மேசை நாற்காலிகளை இழுத்தால் மரத்தரை போய்விடும். அதைவிட முக்கியமாக, மாணவர்கள் மிகவும் நெருக்கடியில் இருக்கும் தேர்வு வாரங்களில்தான் அரங்கம் திறந்திருக்க வேண்டும். இந்தத் தரையில் தேர்வு நடக்காது என்ற விதியைக் கட்டடத்துக்கு ஒப்புதல் தரும் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள். பிற்பாடு சேர்ப்பது கடினம்.

வரும் கூட்டத்தில் ஒரு திட்டக்குழுவை அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டடக் கலைஞரை நியமிப்பதற்கு முன்பே அந்தக் குழு உட்கார வேண்டும். அணித் தலைவர்களை மட்டும் மாணவர் பிரதிநிதிகளாகப் போடாமல், விளையாட்டுப் பக்கமே வராத மாணவர்கள் சிலரை, பாதிக்குக் குறையாமல் மாணவிகள் இருக்கும்படி, அதில் சேருங்கள். மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவரும், ஆலோசகர் ஒருவரும், விடுதிக் காப்பாளர்களும், இப்போதைய ஜிம்மைத் தினமும் துடைத்துப் பூட்டும் பணியாளரும் இருக்கட்டும். எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், எது முதலில் உடைகிறது என்பது அந்தப் பணியாளருக்குத் தெரிந்த அளவுக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. ஆடுகள அளவுகள், ஊழியர் தேவை, ஆண்டுப் பராமரிப்பு, நேர அட்டவணை ஆகியவற்றின் வரைவு எங்கள் துறையில் தயாராக இருக்கிறது. குழு கேட்கும் நாளிலேயே கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உடற்கல்வித் துறை ஆசிரியர் ஒருவர்